அடியெடுத்துக் கொடுத்த அக்கா

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஈஸ்ட் ஹாமில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடி பிளாட்டில் ஒரு நாடகக் குடும்பம் இருக்கிறது. அண்ணைதான் கதாநாயகன். பகலில் கடையொன்றில் பெட்டி தூக்குவார். "கூத்தாடி கிழக்கே பாப்பான், கூலிக்காரன் மேற்கே பாப்பான் எண்டுவினம். நான் ரெண்டும். கழுத்துத்தான் நோகுது" என்பார். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, திரைக்குப் பின்னால் கதிரை போட்டிருந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பார். மேடை ஏறியதே இல்லை. "பரிமாறுறவள் பந்தியில குந்துறதில்லை" என்பது அவர் சொல்.

இந்த மாரியில் அண்ணைக்கு ஒரு கட்டம் மட்டும் பிடிபடவில்லை. நாடிழந்த அரசன் காட்டில் நின்று பேச வேண்டும். "என்னோடு வந்தது..." என்று தொடங்கி, அப்படியே நிற்பார். காதும் மந்தம். அக்கா திரைக்குப் பின்னாலிருந்து சொல்வது அவருக்கு எட்டாது; உரத்துச் சொன்னால் சபைக்கே கேட்கும்.

"இனி ஏலாது தம்பி. மண்டபத்தை வேண்டாம் எண்டு சொல்லிவிடும்" என்றார். மண்டபம் பிடிப்பது என் வேலை. "திங்கள்வரை பொறுங்கோ அண்ணை" என்று இழுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் நூலகத்தில் ஒரு பழைய ஊமைப்படம் போட்டார்கள். மூவரும் போனோம். வேலையில்லாத நடிகன், இருமுகிற மனைவி, ஒரு குழந்தை. ஒரு துண்டு பாண் ரொட்டியை மூன்றாகப் பிய்க்கிறார்கள். திரை முழுக்க வெள்ளைப் பொட்டுகள் பனிபோலக் கொட்டிக்கொண்டிருந்தன. ஊமை கண்ட கனவு என்பார்களே, அந்தக் கனவுக்குள்ளேயே கதிரை போட்டு இருந்ததுபோல இருந்தது எனக்கு.

கடைசியில் நடிகனுக்கு ஒரு வேடம் கிடைக்கிறது. மேடையில் நின்று வாயைத் திறக்கிறான். சத்தமில்லை.

அக்கா பதறிவிட்டார். தன்னையறியாமல் முன்னுக்குச் சாய்ந்து, "என்னோடு வந்தது என் நிழலொன்றே" என்று திரைக்கு மெல்ல அடியெடுத்துக் கொடுத்தார்.

பக்கத்துக் கதிரையிலிருந்து அண்ணையின் குரல் எழும்பியது. "அந்தி சாய்ந்தால் அதுவும் போகும். தேவி, நீ போகாதே!"

தடக்கில்லாமல், முழுதாக. முன்வரிசை வெள்ளைக்கார அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே மழை தூறியது.

"அவன் மறந்திட்டான் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அக்கா.

"ஊமைப்படத்தில மறக்க என்ன கிடக்கு, விசரி!"

"விசரி சொன்னதைத்தானே பிடிச்சுக்கொண்டு போனீங்கள்?"

அண்ணை பஸ்ஸுக்குக் கை காட்டினார். பிறகு, "பக்கத்தில இருந்து சொன்னீர். கேட்டுது" என்றார். என் பக்கம் திரும்பி, "தம்பி, மண்டபத்தை விடாதையும். ஆனா இவவும் மேடைக்கு வரவேணும்."

"நானோ! எனக்கு என்ன வசனம்?"

"எல்லாருடையதும் உமக்குத் தெரியுந்தானே."

நாடகத்தன்று காட்டில் அரசனின் காலடியில், முக்காடு போட்ட ஒரு தேவி இருந்தார். "என்னோடு வந்தது..." என்று அண்ணை நின்றார். முக்காட்டுக்குள் உதடு அசைந்தது. அரசன் நிழலைச் சொன்னான், அந்தியைச் சொன்னான், குனிந்து பார்த்துத் தேவியைப் போகாதே என்றான்.

"அந்த மனுசி என்ன முணுமுணுக்குது?" என்றார் எனக்குப் பக்கத்திலிருந்தவர்.

"புருசனுக்காகக் கும்பிடுறா" என்றேன்.