டாவியாவுக்கு மாற்று ஆள் கிடையாது

உலகத்தில் இதுவரை நடந்த குத்துச்சண்டைகளில் பாதி, எங்கள் புக்கோம் பேட்டை டாவியா இல்லாவிட்டால் நடந்தே இருக்காது. மீதிப் பாதி அவனிடம் சொல்லாமல் நடத்தியவை. அமெரிக்காவில் ஒருமுறை எதிராளி வராமல் இருபதாயிரம் பேர் காத்துக் கிடந்தபோது அங்கிருந்து டாவியாவுக்குத்தான் போன் வந்தது. அவன் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சரித்திரமே வேறு.

சரி, கொஞ்சம் இறங்கி வருவோம். எங்கள் தலைநகர் அக்ராவிலும் பக்கத்துத் துறைமுகம் தெமாவிலும், ஒரே ஒரு தடவை எல்லை தாண்டி லோமேயிலும், மொத்தம் பத்தொன்பது சண்டைகள் டாவியாவால்தான் நின்றுபோகாமல் நடந்தன. இதை எவனும் மறுக்க முடியாது. எவனுக்காவது காய்ச்சல் வந்தால், எவனுக்காவது விசா கிடைத்து ஓடிப்போனால், எவன் பெண்டாட்டியாவது கெட்ட கனவு கண்டால், சண்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாவியாவின் போன் அடிக்கும். நலமா என்று கேட்க மாட்டார்கள்.

"எடை என்ன?"

"நூத்தியிருபத்தாறு பவுண்டு."

"வெள்ளிக்கிழமை வந்துரு."

அவ்வளவுதான் பேச்சு. வருஷம் முழுவதும், பண்டிகையானாலும் சாவு வீட்டு விருந்தானாலும், அவன் நூற்றிருபத்தாறு பவுண்டைத் தாண்டியதில்லை. அந்தப் பத்தொன்பதில் பதினேழு சண்டைகள் தோற்றான். தராசிடம் மட்டும் தோற்றதே இல்லை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும், ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி இருக்கும்.

இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறப்பவனுக்கு எங்கள் ஜனத்தில் டாவியா என்றுதான் பெயர். பெற்றவர்கள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த இரட்டையரில் ஒருத்தி அக்வேலே, தெருமுனையில் கென்கே விற்கிறாள். புளித்த மக்காச்சோள மாவை உருட்டித் தோகையில் கட்டி அவள் வேகவைத்தால் மூன்று தெருவுக்கு வாசம் போகும். தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "அம்மா வயித்த நாங்க ரெண்டு பேரும் காலி பண்ணினோம். எடம் சும்மா கெடக்கேன்னு இவன மாத்து ஆளா கூப்பிட்டாங்க."

டாவியா இதற்குச் சிரிப்பான். அவனுக்குக் கோபம் வருவது போஸ்டரைப் பார்த்தால்தான். மாற்று ஆளுக்கென்று எவனும் புதுப் போஸ்டர் அடிப்பதில்லை. வராதவன் பெயர்மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டி அதில் 'டாவியா' என்று எழுதுவார்கள். மேலே இருக்கும் முகம் வராதவனுடையதுதான். பத்தொன்பது தடவை அவன் அடுத்தவன் மூஞ்சிக்காகத் தன் மூஞ்சியில் அடி வாங்கியிருக்கிறான். ஒருமுறை மழையில் பட்டை கழன்று விழுந்து, தோற்றது யார் என்றே ஊருக்குத் தெரியாமல் போனது.

அதனால்தான் சோவா அவனை முதல் ஆளாகப் போட்டுப் போஸ்டர் அடித்தபோது, தெருவிலிருந்த ஒரு போஸ்டரை இரவோடு இரவாகக் கிழித்துக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டான். சோவா சண்டை ஏற்பாடு செய்கிறவர். மூன்று போன், ஒரு மனசாட்சி, அதுவும் சார்ஜ் இல்லாமல். எதிராளி லோமேயிலிருந்து கொம்லான் என்பவன். ஜெயித்தால் அடுத்து தேசியப் பட்டத்துக்கு மோதலாம். முப்பத்துமூன்று வயதில் டாவியாவுக்கு வந்த முதல் சொந்தச் சண்டை. எட்டு வாரம் படகுக்குப் போகவில்லை. எட்டு வாரம் அக்காவின் கென்கேயைத் தொடவில்லை. ஒரே ஒரு வலது கைக் குத்தை மட்டும் நாள் முழுக்கப் பழகினான். சுவரில் மணல்மூட்டை தொங்கிய இடத்தில் காரை பெயர்ந்துவிட்டது.

சண்டை சனிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சோவாவின் கார் கடற்கரைக்கு வந்தது. செவ்வாயன்று கடலுக்குப் போகக்கூடாது என்பதால் ஊரே மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தது. டாவியாவும் ஓடி முடித்துவிட்டு அங்கேதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"கொம்லான் வரல தம்பி. எல்லையில ஏதோ காகிதச் சிக்கல்."

"அப்ப சண்ட?"

"சண்ட உண்டு. ஆள் புடிச்சாச்சு. ஒனக்குப் பக்கத்துலதான் ஒக்காந்திருக்கான்."

பக்கத்தில் ஒகாய் உட்கார்ந்திருந்தான். வாயில் ஊசி நூல், முகமெல்லாம் பல். நாற்பத்தொரு வயது. ஒரு காலத்தில் பெரிய கை. சண்டையை விட்டு ஆறு வருஷமாக டாவியாவோடு ஒரே படகில் வலை இழுப்பவன்.

டாவியா முதலில் சிரித்தான். பிறகு சோவாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். கையிலிருந்த துண்டை மணலில் எறிந்தான்.

ஏனென்றால் ஒகாய்க்கு இடது கண் தெரியாது. இது டாவியாவுக்கு மட்டும்தான் தெரியும். படகில் ஒகாய் எப்போதும் இடக்கோடியில்தான் நிற்பான், அவனுக்கு இடப்பக்கம் கடல் மட்டும் இருக்கும்படி. ஒருநாள் கரையில் டாவியா விளையாட்டாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மத்தி மீனை வீசினான். மீன் நேராகப் போய்க் கண்ணில் அடித்தது. அடிக்கும்வரை ஒகாயின் இமைகூட ஆடவில்லை. (இதை இப்போது எழுதலாம். ஒகாயே இன்று அந்தக் கண்ணைக் காட்டி ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறான்.)

புதன்கிழமை மருத்துவச் சோதனை. சுவரில் எழுத்து அட்டை. டாக்டர் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டே, "ஒரு கண்ண மூடிப் படி" என்றார். ஒகாய் இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று படித்தான். "இப்ப மத்தக் கண்ண மூடு." ஒகாய் கையை மட்டும் மாற்றினான். வலது கையால் அதே இடது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படித்தான். டாக்டர் நிமிரவே இல்லை. "நல்ல பார்வை" என்று முத்திரை குத்தினார். அடுத்த நாற்காலியில் இருந்த டாவியாவுக்கு அந்த முத்திரைக் கட்டையைப் பிடுங்கி டாக்டர் நெற்றியில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது.

வெளியே வந்ததும் ஒகாயைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, வேண்டாம். நீயே விலகிக்கோ."

"ஏன்டா, பயமா?"

"ஒன் எடது கண்ணு."

ஒகாய் சுற்றுமுற்றும் பார்த்தான். அவன் பார்க்கவேண்டுமென்றால் தலை முழுவதும் திரும்பவேண்டும்.

"எந்தக் கண்ணு? வாயக் கழுவு. படகுக்காரன் காதுல விழுந்துச்சு, நாளைக்கே என்னக் கரையில ஏத்திருவான். அப்புறம் எம் பொண்ணுங்களுக்கு நீ சோறு போடுவியா?"

"என் வலது கை ஒனக்கு எடது பக்கமா வரும். வர்றதே ஒனக்குத் தெரியாது அண்ணே."

"அப்ப அந்தக் கையால அடிக்காத."

"எட்டு வாரமா நான் அந்த ஒரு அடியத்தான்யா பழகியிருக்கேன்!"

"பத்தொம்பது தடவ கடைசி நிமிஷத்துல ஓடிப் போய் நின்னியே, ஒன்ன எவனாவது வேண்டாம்னு சொன்னானா? என்ன ஒரு தடவ கூப்பிட்டதும் நீ பாதிரியாராயிட்டியா? போடா."

டாவியா நேராகச் சோவாவிடம் போனான். "வேற ஆள் பாருங்க பாஸ்."

"ஏன், காரணம் சொல்லு."

காரணத்தைச் சொன்னால் ஒகாயின் பிழைப்பு போய்விடும். "வேண்டாம்னா வேண்டாம் பாஸ்," என்றான் டாவியா.

"சொல்ல மாட்டியா? சரி, ஒனக்கு இஷ்டமில்லன்னா நீ ஒதுங்கிக்கோ. ஒகாய் மேல எவனாவது சின்னப் பையன எறக்கிவிடறேன். நாக்அவுட்டுக்கு அலையறவன் பத்துப் பேரு இருக்கான். எடை பாக்க ரெண்டு நாள் இருக்கே, போதும்."

அன்றும் மறுநாளும் டாவியா குத்திக்கொண்டே இருந்தான். மணல்மூட்டையை அடித்த அடியில் தையல் பிரிந்தது. அவன் யோசித்தது இதுதான். இப்போது விலகினால், கண் தெரியாதவன் முன்னால் வேறொரு முரடன் வந்து நிற்பான். விலகாவிட்டால், தானே அந்த முரடன். மெதுவாக அடித்து ஒப்பேற்றலாமா? ஊருக்கு முன்னால் ஒகாய் அதைக் கண்டுபிடித்தால் செத்தேபோவான். மிச்சம் ஒரே வழி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எடை பார்ப்பார்கள். எடை ஆறு பவுண்டுக்கு மேல் கூடினால், எதிராளியே பரவாயில்லை என்றாலும் குத்துச்சண்டைச் சங்கத்துக்காரர் சண்டையை விடமாட்டார். எடை சரியாக வந்தவனுக்குப் பேசியதில் பாதிக் கூலியும் உண்டு. அதற்குப் பிறகு ஒரே நாளில் மாற்று ஆள் யார் கிடைப்பான்? அக்ராவில் ஒரே நாளில் வந்து நிற்கக்கூடிய ஆள் ஒருவன்தான். அவன் பெயர் டாவியா.

வெள்ளிக்கிழமை காலை அக்வேலே சந்தைக்குப் போன நேரம் பார்த்து, டாவியா கென்கேக் கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அவனைத் தவிர ஓர் ஆடு மட்டும் இருந்தது. பானையைத் திறந்து முதல் உருண்டையை எடுத்தான். அதைச் சோவாவைத் திட்டிக்கொண்டே தின்றான். இரண்டாவதை அந்த நிமிராத டாக்டரைத் திட்டிக்கொண்டு. மூன்றாவதில் ஒகாயின் முறை வந்தது. "கெழட்டு நாயே, ஒங்கண்ணு... ஒங்கண்ணுக்காக என் போஸ்டர முழுங்கறேன்டா" என்று அவன் சொன்னபோது விக்கல் வந்தது. மாவு அப்படி. நான்காவதும் ஐந்தாவதும் யார் பேரைச் சொல்லித் தின்றவை என்று சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஐந்து தோகைகள் தரையில் கிடந்தன. ஒரு வாளித் தண்ணீர் எப்படியோ வந்துசேர்ந்தது. அதையும் குடித்து முடித்தான். ஆட்டுக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் ஷிட்டோக் கிண்ணம் திறந்திருந்தது, அந்தக் கறுப்பு மிளகாய்க் காரம் பட்டால் கல்லுக்கும் கண்ணீர் வரும்.

பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒகாய் முதலில் ஏறினான். நூற்றிருபத்தைந்து. கைத்தட்டல். டாவியா சட்டையையும் பேண்டையும் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தராசில் ஏறினான். வயிறு அவனுக்கு முன்னால் ஏறியது.

சங்கத்துக்காரர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நூத்திமுப்பத்துநாலரை."

யாரோ ஒருவன் விசில் அடித்தான். பிறகு மண்டபமே இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. "யோவ், கென்கே நாக்அவுட் பண்ணிருச்சுய்யா இவன!"

"என்ன எடையானாலும் நான் அடிக்கறேன்!" என்று ஒகாய் கத்தினான். சங்கத்துக்காரர் நோட்டை மூடினார்.

சோவா வியர்த்து விறுவிறுத்துப் போனை எடுத்தார். இந்த மாதிரிச் சமயங்களில் பத்து வருஷமாக விரல் பழகிய ஒரே எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். நாற்காலியில் கிடந்த டாவியாவின் பேண்ட் அடித்தது.

தராசைவிட்டு இறங்காமலே டாவியா திரும்பினான். "எடுக்கட்டுமா பாஸ்? எடை என்னன்னு கேக்கறீங்களா? இந்தாங்க, கண்ணு ரெண்டும் இருக்கில்ல, பாத்துக்கோங்க! பாக்க வேண்டியத எப்பவாவது பாத்திருக்கீங்களா நீங்க?" அவன் நின்று கத்தியதில் தராசு முள் இப்படியும் அப்படியும் ஆடியது. மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒகாய் மட்டும் கிட்டே வந்து, காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை புக்கோம் முழுவதும் போஸ்டர்களில் டாவியாவின் முகத்துக்குமேல் யாரோ ஒரு விஷமி கரியால் கென்கே உருண்டை வரைந்து வைத்திருந்தான். அக்வேலே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்: "எட்டு வாரம் என் கென்கேய அடுத்தவன் பெண்டாட்டியாட்டம் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சு போனான். கடைசி நாள் கூட்டிட்டு ஓடிட்டான்!" டாவியாவுக்கு ஆறு மாதத் தடை விழுந்தது. படகுக்குத் திரும்பிப் போனான். முதல் நாளே ஒகாயைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இடக்கோடியில், கடலுக்கும் அவனுக்கும் நடுவில், தான் போய் நின்றுகொண்டான். ஒரு மாதம் இருவரும் ஒரே கயிற்றை இழுத்தார்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு.

மழைக்காலத்தில் ஒருநாள், டாவியா அந்தப் பக்கம் இல்லாத நேரத்தில், ஒகாய் இடப்பக்கம் பலகை இருப்பதாக நினைத்துக் கடலில் கால் வைத்தான். எல்லோரும் பார்க்கத் தலைகீழாகப் போனான். டாவியாதான் குதித்துத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். படகுக்காரன் ஒகாயைத் துரத்தவில்லை. வலை தைக்க ஒரு கண் போதும் என்று கரையில் உட்காரவைத்தான். அன்றுதான் ஒகாய்க்கு அந்த எட்டரை பவுண்டின் கணக்கு விளங்கியிருக்கவேண்டும். டாவியா வீட்டுக்குப் போய், "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினான். "சொன்னேன், நீ துப்பின" என்று டாவியாவும் கத்தினான். அக்வேலே நடுவில் போய் இருவரையும் அகப்பையால் அடித்தாள்.

தடை முடிந்த மறுநாள் சோவாவின் போன் வந்தது. அடுத்த மாதம் தெமாவில் நடக்கவிருந்த சண்டையிலிருந்து ஒருத்தன் விலகிவிட்டானாம். "எடை என்ன?" என்றார், எதுவும் நடக்காததுபோல.

"போஸ்டர்ல என் மூஞ்சி போட்டா சொல்றேன்," என்று டாவியா வைத்துவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடியும் அதையே சொல்லி வைத்தான். மூன்றாவது தடவை, புதுப் போஸ்டர் அடிப்பதாகச் சோவா ஒப்புக்கொண்டார். "நூத்தியிருபத்தாறு," என்றான் டாவியா. இப்போது மணல்மூட்டைக்குப் புதுத் தையல் போட்டாகிவிட்டது.

இதுவரை எழுதியதை என்னைப் படித்துக் காட்டச் சொல்லி, டாவியா கைக்குத் துணி சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அமெரிக்காவுக்குத் தலையாட்டினான். சோவாவின் மனசாட்சிக்குச் சிரித்தான். கொட்டகை வந்ததும் துணி சுற்றுவதை நிறுத்தினான்.

"நில்லு. எத்தன உருண்ட?"

"அஞ்சு."

"நான் தின்னது மூணு. மிச்சம் ரெண்ட யாரு தின்னா?"

"...ஆடு," என்றேன்.

"ம். தோகைய உரிச்சு, ஷிட்டோவத் தொட்டுத் தின்ன ஆடு. குழாயடியிலேர்ந்து வாளி தூக்கிட்டு வந்த ஆடு. மறுநாள் கரிக்கட்டையோட தெருத் தெருவாப் போன ஆடு." அவன் துணியின் நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். "அது ஏன்டா அன்னிக்கு அப்படித் தேம்பித் தேம்பி அழுதுச்சு?"