மீராலெவ்வை காக்காவின் பொடுதலை முற்றம்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வாசிகசாலைக் கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்ட கையோடு தொலைபேசி அடித்தது. காத்தான்குடியிலிருந்து மீராலெவ்வை காக்காவின் மகள். "மிஸ், வாப்பா சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிட்டாங்க" என்றாள். விடியற்காலைத் தொழுகை முடிந்து உயிர் பிரிந்திருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு நேரே பஸ் ஏறினேன். இருபது வருடம் ஒரே மேசையின் இரு பக்கமும் இருந்து வேலை செய்தவர்கள் நாங்கள்; அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். அந்த மேசையில் சண்டை பிடிக்காத நாள் குறைவு என்பது வாசகர்களாகிய உங்களுக்கும் தெரியும்.

எங்கள் வாசிகசாலை வாவியை ஒட்டி நிற்கிறது. மாரி வந்தால் முற்றத்து மணல் அப்படியே வாவிக்குள் இறங்கிவிடும். பின்சுவரின் அத்திவாரம் ஒரு சாண் வெளியே தெரிந்தது. இன்னொரு மாரிக்கும் மண் கரைந்தால் கட்டடத்தை மூடிப் புத்தகங்களை நகரத்துக்கு ஏற்றிவிடுவோம் என்று பிரதேச சபைப் பொறியியலாளர் சொல்லிவிட்டுப் போனார். கிறவல் மண் கொட்டினோம், அதுவும் கரைந்து போனது.

தை மாதத்தில் ஒரு நாள் காக்கா வயல் வரம்பிலிருந்து உரப்பை நிறையப் பொடுதலைக் கொடி பிடுங்கி வந்து, சாணுக்கு ஒரு துண்டாக நட்டார். "ரெண்டு கிழமைக்குத்தான் தண்ணி. பிறகு வெட்டவும் வேணா, பசளையும் வேணா. வாவித் தண்ணி ஏறினாலும் சாகாது, வெயிலுக்கும் பச்சை மாறாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய எழும்பிக் கூட்டிய முற்றத்து மணலில் விளக்குமாற்றின் கோடு தெரிய வேண்டும் என்று வளர்ந்தவள் நான். புல் முளைத்த வளவைக் கண்டால் இந்த வீட்டில் ஆளில்லையா என்று கேட்கும் ஊர் இது.

"பாம்பு வந்து படுத்தா நீங்களா பிடிப்பீங்க?"

"முழங்கால் உயரத்துக்கு வளந்தாத்தானே பாம்பு படுக்கும். இது கணுக்காலுக்கும் வராது தங்கச்சி."

ஐப்பசிக்கு முன்பே முற்றத்தைப் பச்சை மூடிவிட்டது. காக்கா தன் மகளின் கலியாணத்துக்கு லீவில் நின்ற கிழமை சரஸ்வதி பூசை வந்தது. பூசைக்கு வளவு துப்புரவாக இருக்க வேண்டாமா? சிரமதானத்துக்கு ஆட்களைச் சேர்த்து, மண்வெட்டியால் அத்தனையையும் கொத்தச் சொன்னவள் நானேதான். கொத்தியதைப் பின்சுவரோரம் குவித்துவிட்டு, வெறும் மணலைக் கூட்டிக் கோடு போட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தவர் முற்றத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று பதிலோடு நின்றேன். அவர் பின்பக்கம் போய்க் குவியலைக் கிளறினார். பூசை கழிந்து பெய்த சின்ன மழைக்கே, துண்டுபட்ட ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் விட்டிருந்தது. "நீங்க இதை அழிக்கல்ல தங்கச்சி. நான் ஒரு வருசம் குந்தியிருந்து வெட்டினாலும் இவ்வளவு துண்டு வந்திராது" என்றார். நான் போய் அதே மண்வெட்டியை எடுத்து வந்தேன். அன்று பின்னேரம் இருவருமாக அத்திவாரத்தின் நீளத்துக்கும் முற்றம் முழுக்கவும் அதைப் பரவிப் புதைத்தோம்.

அந்த மாரி லேசானதல்ல. வெள்ளம் வாசிகசாலைப் படி வரை ஏறி மூன்று நாள் நின்றது. வடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தோம். பொடுதலை சேற்றைப் பூசிக்கொண்டு கிடந்தது. அடியில் ஒரு பிடி மண்ணும் போகவில்லை. பொறியியலாளர் சப்பாத்து நுனியால் கொடியைக் கிளப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. "கட்டடம் இருக்கட்டும்" என்றார். காக்கா என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார், ஊரையே வென்றவர் மாதிரி. அடுத்த கச்சான் காற்றில் எல்லா வளவும் காய்ந்தபோதும் எங்கள் முற்றம் பச்சையாகவே இருந்தது. பிள்ளைகள் அதில் படுத்துக் கிடந்து கதைப்புத்தகம் வாசித்தார்கள்; இன்றும் வாசிக்கிறார்கள்.

பிழை விட்டவரைக் கூசவைக்காமல், அந்தப் பிழையிலிருந்தே அடுத்த வேலையைத் தொடங்குகிற பேச்சு அவருடையது. அதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். என் வாய்க்கு அது லேசில் வராது என்பதும் தெரியும்.

காக்கா, வாசிகசாலை எங்கள் ஊரிலேயே நிற்கிறது. இருபது வருடத்தில் உங்கள் முகத்துக்கு நேரே ஒரு தடவையும் சொல்லாததை இன்று ஊரார் எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்: நீங்கள் சொன்னதுதான் சரி.