உப்பளத்து ஓரத்தில் உப்பில்லாமல்

அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு வந்த பயத்தில், நானும் உப்பை அறவே விட்டிருந்தேன். அன்றைய பயிற்சியில் ஆறு பாட்டில் வெறும் தண்ணீர்தான் குடித்திருந்தேன்.

மரக்காணம் உப்பளத்தருகே விரல்கள் மரத்துப்போயின. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. சைக்கிளோடு சாலையோரம் சரிந்தேன். பயம்கூட வரவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடிவந்தார். தண்ணீர் கேட்டேன்.

"பாட்டிலெல்லாம் காலியா கெடக்குது, இன்னும் தண்ணியா? காலையில சாப்பாட்டுல உப்பு போட்டியாப்பா?"

"இல்லக்கா, உப்பையே விட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "வெயில்ல எறங்குற அன்னிக்கு நாங்க கஞ்சியில ரெண்டு பங்கு உப்பு போட்டுக்குவோம். இல்லன்னா இங்கியே வுழுந்துடுவோம்" என்றபடி தன் தூக்குவாளியை நீட்டினார்.

கரித்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தேன். அரை மணி நேரத்தில் விரல்களுக்கு உணர்வு வந்தது. உடனே சைக்கிள் மீட்டரில் சராசரி வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். காலி வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அது அவருடைய மதியச் சாப்பாடு என்பது, வீட்டில் சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது.

பந்தயத்தை முடித்துவிட்டேன். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டால் நிமிடம் பிசகாமல் சொல்வேன். அந்த அக்கா அன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரியாது.