அக்கா டாக்டரிடம் கேட்ட கேள்வி

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். நான் அக்காவின் தம்பி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் எடை போடுகிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசத்தான் வராது, எழுதவாவது செய்யுங்கள் என்று அக்கா மகன், என் மருமகன், சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஏரல் பக்கம் ஆற்றங்கரைக் கிராமத்தில். அப்பா வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தார்கள். அக்கா பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துத் தேறினார்கள். நான் வாத்தியார் பிரம்புக்குப் பயந்து தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தவன். தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவதும் அக்காதான், வாத்தியார் அடித்தால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுவதும் அக்காதான். அவர்களும் பயந்த சுபாவம் உள்ளவர்கள்தான். வெளியே தெரியாது. இடி இடித்தால் என் காதைப் பொத்துவார்கள். பொத்துகிற கை நடுங்கும்.

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். அத்தான் லாரி டிரைவர். நல்ல மனிதர். மருமகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அத்தான் நெஞ்சு வலியில் தவறிவிட்டார்கள். அதன்பிறகு நான் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டேன். எனக்கென்று குடும்பம் அமையவில்லை.

தூத்துக்குடி சாலையில் உள்ள வாழைக்காய் பேக்கிங் கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. தோட்டத்திலிருந்து வரும் தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்து, தொட்டித் தண்ணீரில் கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் வேலை. காலில் நரம்பு சுருண்டு புண் வந்துவிட்டது. வருடங்கள் கழித்து அக்காவைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் பேசியிருக்கிறோம்.

அப்புறம் வடக்கே இருந்து புது மேனேஜர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கெட்ட மனிதர் இல்லை. தினமும் காலையில் எல்லாச் சூப்பர்வைசரும் நின்று, நேற்று எத்தனை பெட்டி, இன்று என்ன பாக்கி, அழுகல் உண்டா என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றார். முடியாதவர்கள் பழைய வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார். முதல் நாள் அக்காவின் முறை வந்தபோது அக்கா எழுந்து நின்றார்கள். வாய் திறக்கவில்லை. மேனேஜர் பொறுமையாகக் காத்திருந்தாராம். அவர் காத்திருந்ததுதான் தாங்க முடியவில்லை என்று அக்கா சொன்னார்கள். அன்று இரவு சாப்பிடவில்லை. காலை நீட்டி வைத்து அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ் வேலைக்கான ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு சாயங்காலம் நடந்தது. அக்கா போய் விசாரித்துவிட்டு வந்து, அங்கே எல்லாம் காலேஜ் பிள்ளைகளாக இருக்கிறது, நீயும் கூட வந்தால்தான் போவேன் என்றார்கள். நான் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லித்தான் போனேன். சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு எங்கள் மருமகன் வயதுதான் இருக்கும். படியில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், உள்ளே காற்றாடி இருக்கிறது என்று சொல்லி என்னையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பிரம்பு இல்லாத வகுப்பில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நேற்று செய்ததைச் சொல்வது எப்படி, நாளை செய்யப்போவதைச் சொல்வது எப்படி, தெரியாவிட்டால் தெரியாது என்று மரியாதையாகச் சொல்வது எப்படி, இப்படிப் போகும் பாடம். பெண்டிங், டிலே, கன்ஃபார்ம், டேமேஜ் என்று ஒவ்வொரு சொல்லாக அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுப்படியில் இருந்து சத்தம் வரும். "சாம்பார் கன்ஃபார்ம். பொரியல் பெண்டிங். மோரு டிலே ஆவும்லே, சத்தம் காட்டாம உக்காரு."

வகுப்பில் இரண்டிரண்டு பேராக, ஒருவர் மேனேஜர், ஒருவர் ஊழியர் என்று பேசிப் பழக வேண்டும். எங்களோடு சேர யாரும் வரவில்லை. அதனால் நானும் அக்காவும் ஜோடி. நான்தான் மேனேஜர். தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்பேன்.

"மேனேஜர் சார், கொஞ்சம் சத்தமாத்தான் திட்டுங்களேன்" என்பார்கள் அக்கா. வகுப்பே சிரிக்கும்.

வகுப்பு முடியும் முன்பே அக்கா காலைக் கூட்டத்தில் பேசிவிட்டார்கள். ஒரு தொட்டிச் சரக்கில் காம்பு அழுகல் இருந்திருக்கிறது. ஒரு சீப்பில் அழுகல் இருந்தால் பெட்டி முழுவதும் பரவிவிடும் என்பதால் அதைத்தான் மேனேஜர் முதலில் கேட்பாராம். "ஸ்மால் டேமேஜ், சார். நோ ஸ்ப்ரெட்" என்று அக்கா சொன்னார்கள். அவர் தலையாட்டி அடுத்தவரிடம் போய்விட்டார். அக்கா அன்று அல்வா வாங்கி வந்தார்கள். நாற்காலி தங்கியது. அதன்பிறகு தினமும் காலையில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். நோ ஸ்ப்ரெட்.

பயம் மட்டும் போகவில்லை. கூட்டத்துக்கு முன்னால் தினமும் வயிறு கலங்கும் என்பார்கள். அதனால்தான், போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் வயிற்று வலி வந்தபோது, இதுவும் கூட்டத்துப் பயம்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். உடம்பு இளைத்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனைகள் செய்தார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகன் உடனே வந்துவிட்டான்.

நம் வீடுகளில் உள்ள வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய வியாதி என்றால் வியாதிக்காரரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் மனசு விட்டுவிடுவார்கள் என்று, புண்தான், ஆறிவிடும் என்போம். மருமகனும் அந்த அன்பில்தான் டாக்டரை வாசலில் நிறுத்தி ஏதோ சொன்னான். டாக்டர் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று அவனிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் சுடுதண்ணீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றேன். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. லிவர் என்றார். பிறகு ஸ்ப்ரெட் என்றார்.

அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். தூங்குகிறார்கள், கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கக் கூடாது என்று அறிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். டாக்டர் இன்னும் பேசினார். நாட் மெனி மந்த்ஸ் என்றது காதில் விழுந்தது. அந்தப் பாழாய்ப்போன வகுப்புக்கு ஏன் போனேன் என்று இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். வந்தவர்கள் எல்லாம் வயிற்றுப்புண் என்றே பேசினார்கள். ஏரல் சித்தி தினமும் பஸ் ஏறி மணத்தக்காளிக் கீரைக் கூட்டு கொண்டுவந்தார்கள். புண்ணுக்கு இதைவிட மருந்து கிடையாது என்று ஊட்டிவிடுவார்கள். அக்காவும் "ஆமா சித்தி, எரிச்சல் கொறஞ்சிருக்கு" என்று சொல்லி விழுங்குவார்கள். மருமகன் சென்னைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். புண்ணுக்கு எதற்குச் சென்னை என்று அக்கா கேட்கவே இல்லை. கேட்காததைக் கண்டு எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் மருமகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அக்கா என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏலே, கதவச் சாத்து. நீதான் டாக்டரு. நான் நானேதான்."

எனக்கு விளங்கவில்லை.

"கிளாஸ்ல செய்வோம்லா, அத மாதிரி. அங்கன போய் கால்மாட்டுல நில்லு."

போய் நின்றேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, வகுப்பில் பேசுவது போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். "டாக்டர், ஐ நோ. ப்ளீஸ் டெல் மீ. ஹவ் மச் டைம்?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுலே. டாக்டரு பதில் சொல்லணும்லா."

தெரியாதவர்கள் சொல்ல வேண்டும் என்று மிஸ் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான் வாயில் வந்தது. "ஐ டோன்ட் நோ, மேடம்" என்றேன். சொல்லி முடிக்கும் முன் அழுதுவிட்டேன்.

அக்கா அழவில்லை. "ஒனக்கும் அன்னைக்கே வெளங்கிட்டா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். "எனக்கும்தான். கண்ணத் தொறந்தா நீ பயந்துருவன்னு தொறக்கல" என்றார்கள்.

பிறகு விவரம் சொன்னார்கள். சென்னைக்குப் போக அவர்களுக்கு விருப்பம் இல்லை. தெரியாத ஊரில், தெரியாத கட்டிலில் போய்விடுவோமோ என்று தினமும் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. புண் என்று சொல்லிவிட்ட பிறகு எப்படிக் கேட்பார்கள். டாக்டரிடம் தமிழிலேயே கேட்டுவிடலாமே என்றேன்.

"தமிழ்ல கேட்டா அழுதுருவேன்லே. அவரும் ஒண்ணுமில்லம்மான்னு தோளத் தட்டிட்டுப் போயிருவாரு. ஆபீஸ்ல கேக்க மாதிரி கேட்டாத்தான் ஆபீஸ்ல சொல்ல மாதிரி பதில் வரும்."

மருமகன் வரும்வரை திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தோம். நான் டாக்டராக நின்று நின்று கால் வலித்தது.

மறுநாள் காலை டாக்டர் வரும் நேரத்துக்கு அக்கா முகம் கழுவி, தலையைக் கட்டி, கம்பெனிக் கூட்டத்துக்குப் போவது போல் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் மருமகனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அக்கா கையைத் தூக்கினார்கள். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டார்கள்.

"குட் மார்னிங், டாக்டர். ஐ நோ இட் இஸ் ஸ்ப்ரெட். ப்ளீஸ் டெல் மீ. ஹவ் மச் டைம்? ஐ வான்ட் டு கோ ஹோம்."

மருமகன் சுவரில் சாய்ந்துவிட்டான். டாக்டர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அவர் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தமிழ்லயே பேசுவோமாம்மா? எனக்கும் நம்ம பக்கம் சாத்தான்குளந்தான்" என்றார்.

அக்கா சரி என்றார்கள். டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கே தொடங்கியது, எங்கெல்லாம் போயிருக்கிறது, மாதக்கணக்கில்தான் பேச முடியும் என்று பையச் சொன்னார். சென்னையில் வைத்தியம் செய்தால் நாள் கொஞ்சம் கூடலாம், உபத்திரவமும் கூடும், முடிவு உங்களுடையது என்றார். வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்க்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். அப்போதுதான் அக்கா அழுதார்கள். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

மருமகன் வராந்தாவுக்குப் போய் நின்றான். நானும் போனேன். அம்மா வகுப்புக்குப் போனது அவனுக்குத் தெரியும். "வாழைக்கா கணக்குச் சொல்லுத அளவுக்குத்தான் அம்மாவுக்கு இங்கிலீஷ் இருக்கும்னு நெனச்சேன் மாமா" என்றான். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்களுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அழுகையோடு அவனுக்கு ஒரு சிரிப்பும் வந்தது. மாமாவும் அம்மாவும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க என்றான்.

அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அதன்பிறகு தைரியமாகிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். விளக்கு வைக்கும் நேரம் ஆனால் பயம் வரும். "இருக்கியாலே" என்று கூப்பிடுவார்கள். இருக்கிறேன் என்பேன். எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே பயத்தைப் பயந்தோம். ஒளித்துக்கொண்டு பயந்த நாட்களைவிட அது பரவாயில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த டாக்டருக்கு முதலில். வலி ஊசி போட வீடு தேடி வந்த நர்ஸ் அம்மாவுக்கு. படியில் இருந்தவனை உள்ளே கூப்பிட்ட மிஸ்ஸுக்கு. அவர் அக்கா இறந்த கேதத்துக்கும் வந்து எங்கள் கூடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். விவரம் தெரிந்த பிறகும் கீரையை நிறுத்தாத ஏரல் சித்திக்கு. அக்காவின் வேலையைத் தாங்கள் பங்கிட்டுச் செய்து, கடைசிவரை அந்த நாற்காலியில் வேறு ஆளைப் போடவிடாத கம்பெனிப் பெண்களுக்கு. சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. படுத்திருப்பவர்கள் கண்ணை மூடியிருந்தாலும் அவர்களுக்குக் கேட்கும். அவர்களிடமே பேசுங்கள்.

கடைசியாக மருமகனுக்கு நன்றி சொல்கிறேன். அவன் வேண்டாம் என்பான், ஆனாலும் இந்த மலரில் இது இருக்க வேண்டும். பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, டாக்டர் போனில் சொன்னதை எல்லாம் தினமும் சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னான். கடைசி நாள் காலையில் அக்காவுக்கு மூச்சு இழுத்தது. அவனைப் பார்த்து, "இன்னைக்காலே?" என்று கேட்டார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாம்மா. இன்னைக்குத்தான் இருக்கும். நானும் மாமாவும் இங்கனயேதான் இருக்கோம்" என்றான்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.