படுக்கையறை: 2

நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் மணி, வெயில் அளவு காட்டும் சின்னப் பெட்டிகள் இருக்குமே, விட்ஜெட்... அவற்றை எழுதுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் எந்த அறையில் ஆள் இருக்கிறது என்று காட்டும் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். சோதனைக்கு வேறு யார் வீட்டுக்குப் போவது? என் வீட்டிலேயே, ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார்களை அறைகளிலும் வாசலிலும் மாட்டினேன். எட்டு மாதமாக "ஆள் உண்டு", "ஆள் இல்லை" என்று மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது. அன்று மதியம்தான் எத்தனை பேர் என்று எண்ணைக் காட்டும்படி மாற்றினேன்.

மணி 3.07. கணவர் வேலைக்குப் போயிருந்தார். மூன்று வயது மகள் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில். திரையில் இப்படி வந்தது.

கூடம்: 1. படுக்கையறை: 2.

சிரித்துவிட்டேன். எங்கள் தொழிலில் முதல் தடவையே சரியாக ஓடினால்தான் பயப்பட வேண்டும். கூட வேலை பார்க்கும் பையனுக்குப் போன் போட்டேன். ஆபீசில் அவனை 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னடா, ரெண்டுன்னு காட்டுது?"

"ஃபேன் ஓடுதாக்கா? அதையும் ஆளுன்னு எண்ணியிருக்கும். நிறுத்திப் பாருங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே, கம்ப்யூட்டரிலேயே தட்டி ஃபேனை நிறுத்தினேன். 3.11. விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது.

படுக்கையறை: 2.

அப்போதுதான் அது கேட்டது.

தப்... தப்... தப்...

குழந்தையைத் தூங்கவைக்க முதுகில் தட்டிக்கொடுக்கும் சத்தம்.

திருடனாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். என் பிள்ளை உள்ளே தனியாக இருக்கிறாள்... எழுந்தேன்.

தப்... தப்...

கதவைத் தள்ளினேன்.

சத்தம் நின்றது.

அவள் மட்டும்தான் இருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது.

"நிறுத்தாதீங்க... தட்டுங்க..."

அள்ளினேன்.

ஓடினேன்.

அந்த வீட்டில் நான் மறுபடி கால் வைக்கவில்லை. சாமான்களைக் கணவர்தான் எடுத்துவந்தார். ஒரே வாரத்தில் வேறு வீடு. அங்கே மகள் என்னைக் கூப்பிடக்கூட இல்லை, படுத்ததும் தூங்கிப்போனாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பத்தாம் நாள் கண்ணாடி போன் செய்தான். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறான். திரையில் காட்டாவிட்டாலும் எண்கள் உள்ளே சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. எட்டு மாதமாக, மகள் தனியாகத் தூங்கிய நேரமெல்லாம், இரண்டு.

"நாங்க வெளிய ஓடினதுக்கு அப்புறம்?" என்றேன்.

"பூஜ்யம்க்கா. எல்லா ரூமும் பூஜ்யம்."

"அப்ப அது எங்க போச்சு?"

அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வாசல் சென்சார்ல பதிவாகியிருக்குக்கா. 3.14. வெளிய போனவங்க... மூணு பேர்."