கண்ணாடி அலமாரியில் மூன்று பந்துப் புத்தகங்கள்

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பிழைகளைத் திருத்திப் படியுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

பினாங்கில் ஒரு கம்பெனி கிளப்பின் கால்பந்துத் திடலைப் பராமரிப்பது என் வேலை. வாரத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊர் இது. பெய்யாத நாளில் குழாய் பிடித்துப் புல்லை நனைக்கச் சொல்கிறார்கள். ஓர் ஆடுகூட மேயாத புல். வெட்டியதைக் குழியில் கொட்ட, வந்த புதிதில் எனக்குக் கை வரவில்லை. ஊரில், பரளச்சிப் பக்கம், எங்கள் ஆட்கள் வற்றிய கண்மாய்க்குள், வெடித்த கரிசலில் விளையாடுவார்கள். டாஸ் ஜெயித்தவன் கரையை ஒட்டிய கோலைத்தான் கேட்பான். எதிரணி குறி தவறி அடித்த பந்து கரையில் முட்டி அவனிடமே திரும்பும், தேடி ஓட வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரிந்த தந்திரம் அது ஒன்றுதான். மற்றபடி பந்து போகிற பக்கமெல்லாம் அத்தனை பேரும் ஓடுவார்கள்.

அந்த அணிக்குத் தலைவன் என் மனைவியின் தம்பி முத்திருளன். டவுன் அணிகளிடம் தோற்று அலுத்துப்போய், பந்தாட்டம் பற்றி நல்ல புத்தகம் அனுப்பச் சொல்லி எழுதினான். இங்கிலீஷானாலும் கோல் காக்கும் வீரசோழன் ஊர்க்காரர் காசிம் வாசித்துச் சொல்வாராம்.

புத்தகக் கடைக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை. சீனக் கடைக்காரர் என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, படம் போட்ட குழந்தைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். எத்தனை பேருக்கு என்றார். பதினொரு பேர் என்றேன். எனக்குப் பதினொரு பிள்ளைகள் என்று நினைத்துக் கையைக் குலுக்கினார். மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு கிளப் குமாஸ்தா துரைசாமி கூட வந்து மூன்று புத்தகங்கள் தேர்ந்து கொடுத்தார். அனுப்பும் முன் மதிய இடைவேளைகளில் வாசித்து அர்த்தமும் சொன்னார்.

ஒன்று சரித்திரம். ஆலைத் தொழிலாளிகள் சனிக்கிழமை அரைநாள் லீவில் வளர்த்த ஆட்டம் இது என்று அதில் இருந்தது. இன்னொன்று பணம் பற்றியது. வாசலில் வசூல் குவிந்த காலத்திலும், ஆடுகிறவனுக்குச் சம்பளம் இதற்கு மேல் கிடையாது என்று முதலாளிகள் வரம்பு கட்டி வைத்திருந்தார்களாம். மூன்றாவது ஆட்ட முறை. பந்து இல்லாதவன் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கே பாதிப் புத்தகம். நீங்களும் படிப்பதென்றால் அந்த வகையை முதலில் படியுங்கள்.

பத்திரமாகச் சேரட்டும் என்று ஊருக்குப் பக்கத்து டவுனில் உள்ள ஒரு படிப்பகத்தின் விலாசத்துக்கு அனுப்பினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது மூன்றும் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. படிப்பகத் தலைவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். திறந்து காட்டினார். முதல் பக்கத்தில் அவர் பெயர் போட்டு ‘அன்பளிப்பு’ என்று முத்திரை.

“கசங்காம வச்சிருக்கேன் பாருப்பா. இவனுக கையில குடுத்தா ஒரு வாரம் தாங்குமா?” என்றார் பெருமையாக.

வாசலில் நின்ற முத்திருளன் என்னைப் பார்த்துச் சொன்னான்: “ரெண்டு வருசமா அட்டையத்தான் படிக்கிறோம், மச்சான். நல்ல அட்டை.”

நான் என்ன செய்தேன்? “சரிங்க” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கடல் தாண்டிப் பிழைத்தவனுக்கு, ‘நான் வாங்கியது’ என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் முத்திருளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறங்கும்போதுதான் பேசினான்: “வெளிநாடு போயும் நீங்க அவுக முன்னாடி மாறல. எங்களுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

அந்த வார்த்தை இன்னும் எரிகிறது. பூட்டியவர் மேல் இருக்கும் கோபத்தைவிடப் பூட்டைப் பார்த்துக் கும்பிட்ட என் மேல் கோபம் அதிகம். வெளிநாட்டிலிருந்து புத்தகம் அனுப்புகிறவர்களே, பெரிய மனிதர்கள் விலாசத்துக்கு அனுப்பாதீர்கள். அழுக்காக்கப் போகிறவன் கையில் நேரே கொடுங்கள்.

திரும்பி வந்ததும் துரைசாமியிடம் கேட்டேன். கிளப்பில் இருக்கும் ஆட்ட முறைப் புத்தகம் ஒன்றை அவர் வாசிக்க வாசிக்க, நான் தமிழில் நோட்டில் எழுதினேன். கரிசல் வெடிப்பில் பந்து எங்கே திரும்பும் என்று புத்தகத்துக்குத் தெரியாது. அதை நானே சேர்த்தேன். இந்தக் கதையை அந்த நோட்டின் முதல் பக்கங்களில் எழுதி வைக்கிறேன். முத்திருளா, இதை அலமாரிக்குக் கொடுக்காதே, மாப்ளே. கண்மாயில் வைத்துப் படி. மண் படட்டும்.

கடைசிப் பக்கத்தில் யார் எங்கே நிற்பது என்று திடலை வரைந்தேன். துரைசாமி பார்த்துவிட்டு, இது எந்த ஊர்த் திடல் என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். ஒரு கோலுக்குப் பின்னால் கிளப் கட்டடம், மறு கோலுக்குப் பின்னால் கண்மாய்க் கரை. அழிக்கவில்லை. நடுக்கோட்டை மட்டும் இன்னொரு தடவை அழுத்திப் போட்டேன்.

1974, ஆனி 11.