இன்று மட்டும் இந்த விலை

பார்த்து வாங்கக் கற்றுக்கொடுக்கிறவளைக் கடைக்காரருக்கும் பிடிக்காது, பெற்றவர்களுக்கும் பிடிக்காது. வீட்டுச் செலவை இழுத்துப்பிடித்தே பேரைக் கெடுத்துக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கான்வென்ட்டில் படித்த பாவத்துக்கு அங்கே தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர் என்னைக் கூப்பிட்டு, மேல்வகுப்புப் பெண்களுக்குக் கடைகண்ணி விவகாரம் சொல்லித்தரச் சொன்னார். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்றார். அந்த ரோஷத்தில் ஒப்புக்கொண்டேன்.

கஞ்சித் துணி

மட்டமான மல் துணியில் கஞ்சியை ஏற்றி மொடமொடவென்று விற்பார்கள்; ஒரு தண்ணீர் கண்டால் வலையாகிவிடும். ஓரத்தைக் கசக்கிப் பார், மாவு உதிர்ந்தால் வாங்காதே. பாடம் அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் ராவுத்தர் ஜவுளிக் கடைக்கு வகுப்பையே அழைத்துப் போனேன். அத்தனை பேரும் ஒரே துணியைக் கசக்கினார்கள், ஒருத்தியும் வாங்கவில்லை. ராவுத்தர் மரியாதை குறையாமல் சொன்னார்: "சொல்லிக்குடுங்க டீச்சரம்மா, வேணாங்கல. இத்தனை பேரு கசக்குனப்புறம் இதை நான் சட்டைத்துணின்னு விக்கிறதா, கரித்துணின்னு விக்கிறதா?"

பாட்டுப் பெட்டி

நான் சொல்வதை வேதமாக எடுத்துக்கொண்டவள் கமலம் ஒருத்திதான். அவள் அப்பா ரயில்வே குமாஸ்தா. மாதத் தவணையில் கிராமபோன் விற்கிற ஏஜெண்ட் ஒருவன் அவர்கள் வீட்டுக்கு வந்து, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்று நெருக்கியிருக்கிறான். அப்பா பேனாவைத் திறந்த நேரத்தில் கமலம் குறுக்கே புகுந்தாள். அவசரப்படுத்தி விற்கிற சாமானில் கோளாறு இருக்குமென்று டீச்சர் சொன்னதாகச் சொல்லி, ஸ்பிரிங் அறுந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டுவிட்டாள். ஏஜெண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவள் அப்பா என் வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். தையில் கல்யாணம், பள்ளிக்கூடம் அத்தோடு சரி என்றார். பள்ளிப் படிப்பை முடிக்கிற சீனியர் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதை எழுதியே தீரவேண்டும் என்று கமலம் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார்: "பாட்டுப் பெட்டி போனாப் போகுது டீச்சர். மாப்பிள்ளைகிட்டயும் ஸ்பிரிங்கைப் பத்திக் கேட்டு வைக்காம இருந்தாச் சரி."

பெண் பார்த்த அன்று

அடுத்த தெருக்காரி என்பதால் எனக்கும் அழைப்பு. கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணி. அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசினார். பெண்ணுக்குப் பரீட்சையெல்லாம் எதற்கு, தையில் முடித்தாக வேண்டும், இன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம், இல்லையென்றால் வேறு இடம் காத்திருக்கிறது என்றார். கமலத்தின் அப்பா தலையாட்டத் தொடங்கினார். பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் பேசுகிற வழக்கம் நம்மிடம் ஏது? கமலம் குனிந்த தலை நிமிராமல் பேசினாள். "இன்னைக்கே முடிக்கணும்னு அவசரப்படுத்துனா சாமான்ல கோளாறு இருக்கும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் வாய் நிறையக் கேசரி. அந்த அம்மாள் எழுந்தே விட்டார். அப்போதுதான் மாப்பிள்ளை காப்பியைக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா. அவங்க பரீட்சை எழுதட்டும். அதுக்குள்ள கிள்ளான்ல என்னைப் பத்தி நல்லா விசாரிச்சுக்கட்டும். கோளாறு இருந்தா டீச்சரே வந்து சொல்லட்டும்."

அந்த ஒரு வருஷமும் கமலம் நிம்மதியாகப் படித்தாள். கிள்ளானுக்கு ரயிலேறிப் போய் விசாரித்துக்கொண்டிருந்தது, வீட்டில் சும்மா இருக்கிற நான்.